சூடு காணாத ஒட்டு

நாற்பது அடி வரைக்கும் நல்ல பிள்ளை.
அதற்கு மேலே ஒரு முழம் கேட்டால்
குரல் இறங்கிவிடும்.
விழாது. நோயாளியைக் கட்டிலில் கிடத்துவதுபோல
தன்னைத் தானே இறக்கிக்கொண்டு
வைக்கோல் தாளுக்குள் குந்தும்.

மிஹ்ளார் மச்சான் வங்கியில் காசாளர்,
கணக்கு உதைத்தால் நித்திரை வராத மனுசன்.
கடை பூட்டும் நேரம் பார்த்து
ஹெலியைச் சாரத்தில் சுற்றி ஏந்திக்கொண்டு வந்தார்.
"கச்சான் காத்துத்தான் கா, இழுத்துப் போடுது."
பிறகு, "வெக்கை."
பிறகு, டோஹாவில் இதை விற்றவனின் பரம்பரை.

நான் போன் திருத்துகிறவள்.
ஆட்களை நம்பலாம், அவர்கள் சொல்லும் காரணத்தை நம்பக் கூடாது.
அக்கரைப்பற்றுச் சந்தை வீதியில்
எட்டு வருசம் இருந்து படித்தது இவ்வளவுதான்.

பற்றரி, பன்னிரண்டு தசம் நாலு. குறையில்லை.
மற்றப் பற்றரி போட்டும் அதே நாற்பது அடி.
மோட்டரின் சின்னப் பல்லில் ஆணி இளகினதோ என்றால்
திருகாணிச்சாவிதான் வளைந்தது.
சும்மா இருக்கும்போது அளந்தால்
எல்லாம் சரியாய்த்தான் இருக்கும்,
கல்யாண வீட்டில் சுகம் விசாரித்ததுபோல.
பாரம் ஏற்றி அளக்க வேண்டும்.

தில்லையாற்றுப் பக்கத்து வட்டைக்குப் போனோம்.
சூடடித்துப் பத்து நாள்.
இரண்டு நெல்மூட்டையில் அதன் கால்களைக் கட்டி,
நீள வயர் இழுத்து, மீற்றரோடு நான்
வரம்புக்குப் பின்னால் குப்புறப் படுத்தேன்.
அபாயா முழுக்கப் புழுதி.
"ஏத்துங்க மச்சான்."
சிறகு அதிர்ந்தது. மூட்டை ஒரு பக்கம் எழும்பப் பார்த்தது.
பதர் பறந்து கண்ணுக்குள்.

பற்றரியின் வாயில் பதினொன்று தசம் எட்டு.
வயரை மாற்றிக் கொழுவி, இன்னொரு தரம்,
ஒரு சாண் தள்ளி, வேகப்பெட்டியின் வாயில்
ஒன்பது தசம் ஆறு.
அந்த ஒரு சாணுக்குள் இருந்துகொண்டு
இரண்டு வோல்றுக்கு மேலே ஆரோ களவெடுக்கிறார்கள்.
பற்றரிக்கு உயிர் போகுதென்று பயந்து
பெட்டிதான் மோட்டரை அமத்துகிறது.
அதன் மேல் பிழையில்லை.

கொழுவியைத் தொட்டேன். விரல் சுட்டது.
உறையை உரித்தால் உள்ளே ஒட்டு,
மினுங்காமல், சாம்பல் நிறத்தில்,
ஆறின சோற்றுப் பருக்கை மாதிரி.

சிவப்பு உறை.
அதன் நுனியை நான் எப்போதும் சரிவாய்த்தான் வெட்டுவேன்.
இதுவும் சரிவாய் வெட்டியிருந்தது.

நோன்பு மாதம், அஸர் கழிந்த நேரம்.
எங்கள் தெரு முழுக்க ஒரே மூச்சில்
தண்ணி மோட்டரும் அரைக்கிற மிசினும் போட,
கடை லைற் மஞ்சளாய் இறங்கிப்போன பின்னேரம்.
என் இரும்பு ஈயத்தை உருக்கியது, வயரைச் சுடவில்லை.
தெரிந்தது.
கஞ்சிக்கு நேரமாகுதென்று விட்டுவிட்டேன்.
அன்றைக்குத் தெருவில் குறைந்த வோல்ற்
ஐந்து மாதம் ஒளித்திருந்து
இந்த வட்டையில் வந்து குறைகிறது.

"என்ன கண்டீங்க?"
"ஒட்டில சூடு காணல்ல."
"ஆர் ஒட்டின?"
தாளுக்குள் கொக்குகள் நடந்துகொண்டிருந்தன.
"நான்தான்."

மச்சான் கொஞ்ச நேரம் றிமோட்டின் ஏரியலைத் துடைத்தார்.
காசாளர் அல்லவா,
உதைத்த கணக்குப் பொருந்திய சந்தோசம்தான்
முகத்தில் முதலில் வந்தது.

தெரு மோட்டர் எல்லாம் அடங்கிய பின்
அன்றிரவு திரும்ப ஒட்டினேன்.
ஈயம் தண்ணியாய் வயருக்குள் இறங்கி
ஆறும்போது மினுங்கிற்று.

அடுத்த நாள், வங்கி விட்டு வந்து எழுப்பினார்.
நாற்பது. அறுபது.
தென்னை மட்டத்துக்கும் மேலே போய்
வெயிலுக்குள் ஒரு தும்பியளவு ஆனது.
மச்சான் வாய் திறந்தபடி அண்ணாந்து நின்றார்.
நான் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.
சுற்றுக்கு ஒரு தரம், மெல்லிசாய், ஒரு டிக்.
பெரிய சக்கரத்தில் ஒரு பல் போயிருக்கிறது.
இறங்கட்டும், சொல்லலாம்.